போர்டில் பதினாலு

உட்காருங்கய்யா. அந்த பெஞ்சு ஆடும், சுவத்தோரமா இருக்கறதுல உட்காருங்க. ரெண்டு மணி நேரம் ஆகும். ஈரம் பாக்கற மீட்டர் மேல நம்பிக்கை இல்லைன்னு சொன்னீங்கல்ல, அதான் உங்க சோளத்தை அரைச்சு ஓவன்ல வச்சுட்டேன். உள்ள இருக்கற தண்ணியெல்லாம் ஆவியாப் போனப்புறம் எடை போடுவேன். எவ்வளவு எடை குறையுதோ அவ்வளவு ஈரம். மீட்டர் தப்பு சொல்லும்னு வச்சுக்கிட்டாலும் இது சொல்லாது.

கோவமெல்லாம் இல்லைங்கய்யா. தினம் பத்துப் பேர் கேக்கறாங்க. சில பேரு எங்க அம்மா வரைக்கும் இழுத்துப் பேசிட்டுப் போயிருக்காங்க. நீங்க சத்தம் போடல. மீட்டரையே பாத்துக்கிட்டு நின்னீங்க. அந்த மாதிரி நின்னது இதுக்கு முன்னாடி ஒருத்தர்தான். எங்க அண்ணன்.

நீங்க தலைவாசல் பக்கம்தான? நான் பெரம்பலூர். வேப்பந்தட்டை தாண்டி உள்ள போகணும். உங்க ஊரு மாதிரிதான், வானத்தைப் பாத்து விதைக்கற பூமி. முன்ன பருத்தி போட்டாங்க. இப்ப கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மக்காச்சோளம். எங்களுக்கு மூணு ஏக்கரா. நான் ஒம்பதாவது படிக்கறப்ப அப்பா போயிட்டாரு. அண்ணன் மருதமுத்து என்னைவிடப் பதினோரு வயசு பெரிசு. அதுதான் என்னைப் படிக்க வச்சுச்சு. பெரம்பலூர் காலேஜுல கெமிஸ்ட்ரி. சொந்தக்காரங்க எல்லாம் பொண்ணுக்கு எதுக்கு அவ்வளவு படிப்புன்னாங்க. அண்ணனுக்கு அதிகம் பேச வராது. ஃபீஸ் கட்டற அன்னிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வரும். காலேஜுல யாரும் கேக்கல, அதுவாப் போட்டுக்கிட்டு வரும்.

இந்தக் கோழித் தீவன மில்லுல வேலை கிடைச்சதும் ஊரெல்லாம் சொல்லுச்சு. என் தங்கச்சி சொன்னாத்தான் லாரி உள்ள போகும்னு. அப்படியெல்லாம் சொல்லாதண்ணே, நான் வெறும் ஈரம் பாக்கற ஆளுன்னேன். கேட்டாத்தான.

அண்ணன் சோளத்தை எப்பவும் ஊர் ஏவாரிக்குத்தான் போடும். அந்தாளு மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவும்பாரு, தூசும்பாரு, சாக்கு எடைம்பாரு. மூணு வருஷத்துக்கு முன்ன பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனப்ப நான்தான் சொன்னேன். ஏண்ணே அந்தாளுகிட்ட நஷ்டப்படற, நேரா மில்லுக்கே கொண்டா, ஈரம் பதினாறு சதவீதம் வரைக்கும் எடுக்கறாங்கன்னேன். பதினாறா, அப்ப நம்ம சோளம் கண்ண மூடிக்கிட்டுப் போகுமேன்னுச்சு. அன்னிக்குப் போர்டுல பதினாறுதான் இருந்துச்சு. நான் பொய் சொல்லலைங்கய்யா.

போர்டா? நீங்க உள்ள வரப்ப கேட்டுக்குப் பக்கத்துல கறுப்பா தொங்குதே, சாக்பீஸ்ல எழுதி, அதான். இன்னிக்குப் பதினாலுன்னு இருக்கு. மாறும். சோளத்துக்கு விலை வயல்லயா முடிவாகுதுன்னு நினைக்கறீங்க? முட்டை விலை இறங்குனா சோளம் இறங்கும். ஜனங்க மாலை போட்டுக்கிட்டுக் கறி திங்கறத நிறுத்துனா இறங்கும். பெட்ரோல்ல கலக்கற ஸ்பிரிட்டுக்கு சோளம் வாங்கறாங்க பாருங்க, அவங்க வாங்க ஆரம்பிச்சா ஏறும். வடக்கேர்ந்து கூட்ஸ் வண்டில சோளம் வந்து நின்னா, அன்னிக்கு நம்ம ஊரு சோளத்தைச் சீந்த ஆள் இருக்காது. கூட்ஸ் வரத் தாமசமானா கேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு உட்காந்திருப்பாங்க.

ஆனா எங்க மில்லுல விலையை அடிக்கடி மாத்த மாட்டாங்க. ஈரத்தைத்தான் மாத்துவாங்க. எங்க பர்ச்சேஸ் மேனேஜர் ஒரு தடவை சொன்னாரு. விலையைக் குறைச்சா விவசாயி சண்டைக்கு வருவான்மா, ஈரத்தைக் குறைச்சா தன் சோளத்தையே குறை சொல்லிக்கிட்டு வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவான்னு. புத்திசாலிங்கய்யா அவரு. குடோன் நிரம்பிருந்தா பதினாலு. காலியா இருந்தா பதினாறு. எனக்கு அதுல சம்பந்தம் இல்ல. போர்டுல என்ன எழுதிருக்கோ அதுதான் எனக்கு.

டீ குடிக்கறீங்களா? கேன்டீன்ல சொல்லட்டுமா? சரி, அப்புறமா.

அண்ணன் மாசி மாசம் பொறப்புல கதிர் அடிச்சுச்சு. அந்த வருஷம் புழு இல்ல. அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் படைப்புழு குருத்துக்குள்ள பூந்து தின்னுட்டுப் போயிருச்சு, பாதிக்குப் பாதிகூட மிஞ்சல. இந்த வருஷம் கதிரு முழங்கை நீளம்னு போன்ல சொன்னாங்க அண்ணி. வாடகைக்கு ஒரு ஈச்சர் வண்டி பிடிச்சு, எழுவத்து மூணு மூட்டை ஏத்திக்கிட்டு, விடியக்காலம் கிளம்பி வந்துச்சு. எனக்கு முன்னாடி சொல்லல. திடீர்னு வந்து நிக்கணும்னு ஆசை போல.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரெண்டு கூட்ஸ் வந்து இறங்கிருச்சு. குடோன்ல இடமில்லாம வெளியில தார்ப்பாய் போட்டு அடுக்கிருந்தாங்க. செவ்வாக்கிழமை காலையில நான் வரப்பவே போர்டுல பதினாறை அழிச்சுப் பதினாலு எழுதிருந்தாங்க. அண்ணன் வந்ததும் அதே செவ்வாக்கிழமைதான்.

வரிசையில முப்பத்தோராவது வண்டி. பகல் ரெண்டரைக்குத்தான் அதோட முறை வந்துச்சு. நான் குத்தூசிய எடுத்துக்கிட்டு வண்டிகிட்டப் போறேன், மேல மூட்டை மேல உட்காந்து சிரிக்குது. அந்த வெள்ளைச் சட்டை. பாப்பா, குத்துடி, எங்க வேணா குத்திப் பாருன்னுச்சு. டிரைவர்கிட்ட, இதான் என் தங்கச்சின்னு சொல்லுச்சு.

அஞ்சு மூட்டையில குத்தி எடுத்தேன். மணி மணியா, பல்லு மாதிரி சோளம். மீட்டர்ல போட்டேன். பதினஞ்சு புள்ளி நாலு.

மூணு தடவை வச்சுப் பாத்தேங்கய்யா. வேற மூட்டையில எடுத்தும் பாத்தேன். பதினஞ்சுக்குக் கீழ வரல.

அண்ணே, ஈரம் ஜாஸ்தியா இருக்குன்னேன்.

எவ்வளவு?

பதினஞ்சரை கிட்ட.

அப்ப சரி, பதினாறுக்கு உள்ளதான?

இன்னிக்குப் பதினாலுண்ணே.

அது சிரிப்ப விடாம என்னையே பாத்துச்சு. நான் வெளையாடறேன்னு நினைச்சுருச்சு. அப்புறம் மெதுவா, பொங்கலுக்குப் பதினாறுன்ன பாப்பான்னுச்சு. அது அன்னிக்கு, இது இன்னிக்குன்னேன். அதுக்கு அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. சோளம் அதே சோளந்தான பாப்பா?

சுத்தி ஆளுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. பின்னாடி இருவது வண்டி நிக்குது. காலையிலேர்ந்து பதினேழு வண்டியத் திருப்பி அனுப்பிருக்கேன். ஒருத்தர் பொண்டாட்டிய ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்தேம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு, அவரையும் அனுப்பினேன். இப்ப அண்ணனை மட்டும் உள்ள விட்டா அந்த மனுசனுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கய்யா, நான் செஞ்சது தப்பா?

அண்ணன் மீட்டரையே பாத்துச்சு, அப்புறம் வண்டியைத் திருப்பற சீட்டுல கையெழுத்துப் போட்டுச்சு. சாப்பிட்டுப் போண்ணேன்னு கேன்டீன் டோக்கன் குடுத்தேன். டிரைவர் தம்பி பசியோட இருக்கு, அது சாப்பிடட்டும்னு டோக்கனை அந்தத் தம்பிகிட்ட குடுத்துட்டு வண்டிக்குள்ளயே உட்காந்திருந்துச்சு.

சாயந்தரம் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக்கிட்டு, இளவரசியப் பாருங்க, சொந்த அண்ணன் வண்டியவே திருப்பி அனுப்பிச்சிருக்கு, வேலைன்னா இப்படி இருக்கணும்னாரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, அன்னிக்கு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஹாஸ்டல் ரூமுக்குப் போயி என்கூட இருக்கற பொண்ணுகிட்டகூடச் சொன்னேன்.

எங்க ஊர்ல சோளம் காய வைக்கக் களம் ஒண்ணே ஒண்ணு. பஞ்சாயத்துல கட்டினது, நாலு வீட்டுச் சோளத்துக்குத்தான் இடம் காணும். அந்த வாரம் அதுல வேற ஆளுங்க போட்டிருந்தாங்க. அப்ப ரோடுதான். உங்க ஊர்லயும் அப்படித்தான? ரோட்டுல பாதிய அடைச்சுச் சோளத்தைக் கொட்டி, ஓரத்துல கல்லு வச்சு, பகலெல்லாம் காலால கிளறி விட்டுக்கிட்டு, பொழுது சாயறப்ப கூட்டி அள்ளுவாங்க. அண்ணனும் அண்ணியும் புதன், வியாழன், வெள்ளின்னு மூணு நாள் காய வச்சாங்க. எழுவத்து மூணு மூட்டையப் பிரிச்சுக் கொட்டி, திருப்பி அள்ளி, திருப்பிக் கொட்டி. அண்ணிக்குக் கையெல்லாம் தோலு போயிருச்சாம்.

வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில பத்து மணி இருக்கும். அடுத்து வர வேண்டிய கூட்ஸ் வழியில எங்கயோ நின்னு போச்சுன்னு தாக்கல் வந்துச்சு. பத்து நாளைக்கு வராதாம். அதே நேரத்துல முட்டை விலையும் கொஞ்சம் ஏறி, பண்ணைக்காரங்க தீவனம் கேட்டு போன் மேல போன் போடறாங்க. மேனேஜர் தானே போயி போர்டுல பதினாலை அழிச்சுட்டுப் பதினாறுன்னு எழுதினாரு. நான் ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

போன் என் கையிலதான் இருந்துச்சு.

இத நான் யாருகிட்டயும் சொன்னதில்லைங்கய்யா. அண்ணன் நம்பரை எடுத்தும் வச்சேன். அப்புறம் நினைச்சேன், இது மில்லு ரகசியம், சொந்தக்காரங்களுக்கு முன்கூட்டியே சொல்லுதுன்னு பேரு வந்துரும். செவ்வாக்கிழமை எல்லாரு முன்னாடியும் என்னைப் பாராட்டினாரு, வெள்ளிக்கிழமை நானே போன் போட்டு அண்ணே வாண்ணேன்னா எப்படி இருக்கும்? ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு வெளிய போயிச் சொல்லிக்கலாம். எப்படியும் அண்ணன் நாளைக்குத்தான வண்டி பிடிக்கும். இப்படித்தான் நினைச்சேன். தப்பா ஒண்ணும் நினைக்கல.

அன்னிக்கு வண்டி ஜாஸ்தி. ஆறே கால் ஆயிருச்சு. கேட்டுக்கு வெளிய வந்து நின்னு போன் போட்டேன். அண்ணி எடுத்தாங்க. பாப்பான்னாங்க. பின்னாடி ஜனங்க சத்தம்.

எங்க ஊருக்குப் பக்கத்து ஊர்ல அங்கமுத்துன்னு ஒருத்தரு. பால் கறந்து, அக்கம்பக்கத்துப் பாலையும் வாங்கி, ரெண்டு கேனுல மோட்டார் சைக்கிள்ல கட்டிக்கிட்டு சொசைட்டிக்குக் கொண்டு போவாரு. தெனம் அந்த ரோடுதான். அண்ணனுக்கு நல்ல பழக்கம். போறப்ப ஹாரன் அடிச்சுட்டுப் போவாரு, அண்ணன் கையைத் தூக்கும். அன்னிக்கு எதிர்ல ஒரு பஸ்ஸு வந்துருக்கு. இவரு ஓரம் ஒதுங்கிருக்காரு. சோளத்து மேல சக்கரம் ஏறுனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா. வண்டி வழுக்கி, கேனோட சாஞ்சு, தலை அந்தக் கல்லுல பட்டிருக்கு. ஓரத்துல வச்சிருந்தாங்கன்னேனே, அந்தக் கல்லு. அண்ணன் அந்தக் கடைசியில கூட்டி அள்ளிக்கிட்டு இருந்துச்சாம். சத்தம் கேட்டு ஓடி வந்து மடியில தூக்கிப் போட்டுக்கிச்சாம். பாலெல்லாம் சோளத்துல ஓடிருச்சுன்னு அண்ணி சொன்னாங்க. அண்ணி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. பெரம்பலூர் ஜி.எச்.சுக்குக் கொண்டு போற வழியிலயே உயிர் போயிருச்சு.

அண்ணன் மேல கேஸ் ஆச்சு. ரோட்டுல கொட்டினதுக்கு. ஊர்ல எல்லாருந்தான் கொட்டினாங்க, ஆனா அவரு விழுந்தது எங்க சோளத்துல. ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர், பஸ்ஸு மேல ஏதாச்சும் தப்பு இருக்கான்னு கேட்டாராம். அண்ணன், இல்லைங்க, சோளம் நான் கொட்டினதுன்னு சொல்லிருக்கு. வக்கீலு திட்டினாரு. இப்படியா வாக்குமூலம் குடுப்பன்னு. அதுக்கும் அண்ணன், நான்தான கொட்டினேன்னு மறுபடி சொல்லுச்சு.

அந்தச் சோளத்தை வீட்டுல வச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க அண்ணி. ஊர் ஏவாரி வந்து கேட்ட விலைக்கு அள்ளிக்கிட்டுப் போனாரு. அடுத்த வியாழக்கிழமை அந்த ஏவாரியோட லாரி இங்க வந்துச்சு. பல ஊரு மூட்டை. நான் குத்தூசியோட ஏறினேன். நடுவுல அடுக்கிருந்தது எங்க வீட்டு மூட்டை. எங்க அண்ணி யூரியாச் சாக்குல பச்சை நைலான் நூலு போட்டுத் தைப்பாங்க, எனக்குத் தெரியாதா. அதுல குத்தினேன். பதிமூணு புள்ளி ரெண்டு. அந்த வருஷம் நான் பாத்ததுலயே நல்லாக் காஞ்ச சோளம் அதுதான். போர்டுல பதினாறு.

பாஸ்னு எழுதினேன். மிஷின் சொன்னதத்தான எழுதணும்.

அப்புறம் ஊருக்குப் போனேன், போகாம இல்ல. அண்ணன் என்னைத் திட்டும், ரெண்டு வார்த்தை கேக்கும், நானும் அழுதுட்டு வந்துரலாம்னு போனேன். வா பாப்பா, சாப்பிட்டியான்னுச்சு. அவ்வளவுதான். மில்லப் பத்தி ஒரு பேச்சு இல்ல. இன்னி வரைக்கும் இல்ல. அண்ணி ஒரு தடவை மட்டும் ஆரம்பிச்சாங்க, அந்தச் செவ்வாக்கிழமை நீ மட்டும்னு. அண்ணன் உடனே, ஏய், அது அதோட வேலையப் பாத்துச்சு, ரோட்டுல போட்டது நானுன்னு நிறுத்திருச்சு.

அதாங்கய்யா எனக்குக் குறை. ஒரு வார்த்தை திட்டிருக்கலாம்ல. திட்டினா, நானும் என் பக்கத்தைச் சொல்லுவேன். இப்படி எல்லாத்தையும் தன் தலையிலயே போட்டுக்கிட்டா நான் என்னத்தச் சொல்றது? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே போர்டு மாறிருச்சுன்னு அண்ணனுக்குத் தெரியாது. அந்தச் சோளம் வெள்ளிக்கிழமை ரோட்டுல கிடக்க வேண்டிய அவசியமே இல்லைன்னு தெரியாது. சொல்லிரலாம்னு ஒவ்வொரு தீவாளிக்கும் பொங்கலுக்கும் போறேன். சொல்லாம வந்துர்றேன்.

அண்ணன் இப்ப சோளம் போடறது இல்ல. நிலத்தை வேற ஆளுக்கு விளைச்சல்ல பங்குன்னு வாரத்துக்கு விட்டுருச்சு. காலையில நாலரைக்கு எந்திரிச்சு அங்கமுத்து வீட்டுக்குப் போகுது. அவரு சம்சாரத்துக்கு மூணு பொண்ணுங்க, நாலு மாடு. மாட்டைக் கறந்து, பாலை எடுத்துக்கிட்டு, அவரு போன அதே ரோட்டுல சொசைட்டிக்குக் கொண்டு போய் ஊத்திட்டு வருது. சாயந்தரமும் அப்படித்தான். மூணு வருஷமாச்சு. மொதல்ல அந்தம்மா வாசப்படி ஏற விடல. கல்ல எடுத்து அடிச்சாங்க. நெத்தியில தழும்பு இருக்கு. மறுநாளும் போயி வாசல்ல நின்னுருக்கு. எத்தனையாவது நாளோ, காலிக் கேனை வெளிய கொண்டாந்து வச்சுட்டு உள்ள போயிட்டாங்களாம். அதுலேர்ந்துதான் கறந்து எடுத்துக்கிட்டுப் போகுது. ரெண்டு பேரும் இன்னி வரைக்கும் பேசிக்கிட்டதில்லையாம். பெரிய பொண்ணு மட்டும், மாமா, இன்னிக்குப் பால் ரெண்டு லிட்டரு கம்மின்னு ஏதாச்சும் சொல்லும் போல.

கல்யாணம் பண்ணிக்கன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருக்கு. பாக்கலாம்ணேன்னு சொல்லிட்டு வந்துர்றேன். இந்த வேலைய விட்டுட்டு வேற பாக்கலாம்னு நினைப்பேன். ஆனா வேற ஒருத்தர் வந்து உட்காந்தா மட்டும் போர்டு மாறாம இருக்குமா. நானாவது ரெண்டு தடவைக்கு மூணு தடவை வச்சுப் பாப்பேன்.

இருங்கய்யா, மணி அடிக்குது. எடுத்துட்டு வந்துர்றேன். ஆறணும், சூடோட எடை போடக் கூடாது.

நீங்களே வந்து பாருங்க. நான் சொன்னேன்னு வேணாம். இதுதான் முந்தின எடை, எழுதி வச்சிருக்கேன் பாருங்க. இது இப்போ. கழிச்சா பதினாலு புள்ளி எட்டு. மீட்டர் பதினஞ்சு புள்ளி ஒண்ணு சொல்லுச்சு. நீங்க சொன்னதும் கொஞ்சம் சரிதான், மீட்டர் ஜாஸ்தியாத்தான் காட்டிருக்கு. ஆனா போர்டுல பதினாலு. அரையா இருந்தாக்கூட நான் மேனேஜர்கிட்டக் கேட்டுப் பாப்பேன். முக்கா சதவீதத்துக்கும் மேல இருக்கு.

கும்பிடாதீங்கய்யா. கையைக் கீழ போடுங்க. உங்க வயசென்ன, என் வயசென்ன.

காய வச்சு எடுத்துட்டு வாங்கன்னுதான் நான் சொல்லணும், சீட்டுலயும் அப்படித்தான் அச்சடிச்சிருக்கு. ரோட்டுல மட்டும் போடாதீங்க. வேற எங்க போடறதுன்னு கேக்கறீங்க. வீட்டுக்குள்ள இடம் இருக்கா? அவ்வளவு மூட்டையும் பிடிக்காது, ஆனா அடுக்குனாப்புல நாலஞ்சு நாளைக்கு இருக்கட்டும். அதுக்குள்ள ஒண்ணும் கெட்டுப் போகாது. மழை இல்ல.

இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. பேருக்குக் கீழ. அப்படியே உங்க போன் நம்பரையும் எழுதுங்க. இல்லைங்கய்யா, இந்த ஃபாரத்துல அதுக்குக் கட்டம் கிடையாது, எங்கயும் எழுதச் சொல்ல மாட்டோம். ஓரமா எழுதுங்க. கொஞ்சம் பெரிசா, நான் படிக்கற மாதிரி.